கறுப்புப் பக்கம்

கால் சுட்டது. செருப்பை வரப்போரம் விட்டுவிட்டு வெறுங்காலோடு காட்டுக்குள் இறங்குகிறவன் நான். சித்திரை வெயிலில் சரளை சுடும். அது பழகின சூடு, கால் அதைக் கண்டுகொள்வதில்லை. இது அது இல்லை. பாத்தியைத் தாண்டும்போது குதிகால் அதன்மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டில் பட்டது. தோசைக்கல். எடுத்துவிட்டேன். மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடி எடுத்தேன். குனிந்து புறங்கையை வைத்தேன், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பது மாதிரி. மணி பத்துகூட இருக்காது. பொழுது இன்னும் வேப்பமரத்து உச்சிக்கே வரவில்லை. பத்துக்கே இப்படி என்றால் பன்னிரண்டுக்கு? அந்தக் கணக்கை அங்கேயே நிறுத்தினேன். நாத்துக்காக ஷீட்டில் போட்ட ஓட்டைக்குள் விரலை விட்டேன். நேற்றுச் சாயங்காலம் நானும் ராசாமணியும் நட்ட தக்காளி நாத்து, அரைச் சாண் உயரம், நாலு இலை. ஓட்டை டம்ளர் வாய் அகலம். விரல் உள்ளே போனதும் ஆவி அடித்தது. சோற்றுப்பானை மூடியைத் தூக்கினால் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவி. காலையில் சொட்டுநீரில் விட்ட தண்ணீர் அடியில் வெந்துகொண்டிருக்கிறது. அது வெளியே வர வேறு வழி இல்லை, நாத்தின் கழுத்தைச் சுற்றித்தான் வருகிறது. கழுத்தைத் தொட்டேன். நெகிழ்ந்திருந்தது. விடியக்காலம் இது குச்சி மாதிரி நின்றது. பார்த்தேன், இருபத்திநாலு பாத்தியும் நடந்து பார்த்தேன், எல்லாம் குச்சி மாதிரி நின்றன. இப்போது தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நட்ட மறுநாள் நாத்து கொஞ்சம் துவளும், சாயங்காலம் எழுந்துகொள்ளும், அது வழக்கம்தான். வழக்கம்தான் என்று வாய்விட்டுச் சொன்னேன். யாருக்குச் சொன்னேனோ.

ஷீட்டுக்கு இரண்டு பக்கம். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளிப் பளபளப்பு. கறுப்பை மேலே போட்டது நான். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. போன மார்கழியில் பொருளூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒருத்தர் காட்டில் தர்பூசணி பார்த்தேன், நீளநீளமாகக் கறுப்பு. சரி, கறுப்புத்தான் மேலே என்று மனதில் போட்டுக்கொண்டேன். பளபளப்பு உள்பக்கம், துணிக்கு லைனிங் மாதிரி. அப்படித்தானே நினைப்பான் யாரும். மார்கழியில் மண்ணுக்குச் சூடு வேணும், கறுப்பு வெயிலைக் குடிக்கும், அதனால் அவன் கறுப்பை மேலே போட்டான். இது சித்திரை. சித்திரையில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எவனாவது களை வெட்டப் போவானா? இவ்வளவுதான் சங்கதி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எழுபத்தொரு வயசும் ஒரு குதிகாலும் தேவைப்பட்டது. அவள் சொல்லத்தான் வந்தாள். முந்தாநாள் திருப்பூரில் இருந்து போன் போட்டாள். சுகந்தி, என் மகள். "அப்பா, ஷீட் விரிக்கறப்ப ஒண்ணே ஒண்ணு" என்று தொடங்கினாள். "எல்லாந் தெரியும், வை" என்று நான் வைத்துவிட்டேன். அந்த ஒண்ணே ஒண்ணு என்னவென்று இப்போது குதிகால் சொல்கிறது. என் வழக்கம் அது. ஆள் பேசத் தொடங்கினதும் எனக்கு முடிவு தெரிந்துவிடும். தெரிந்த முடிவைக் காது கொடுத்துக் கேட்க என்னால் ஆகாது. பாதியில் வெட்டிவிடுவேன். வெட்டினதில் என்னென்ன விழுந்துபோனதோ. ஒன்று தெரியும். அதை இப்போது நினைக்கக் கூடாது. இப்போது நாத்து.

புரட்டிப் போட முடியுமா? முதல் பாத்திக் கடைசியில் உட்கார்ந்து ஷீட்டின் ஓரத்து மண்ணை விலக்கி ஒரு முழம் தூக்கினேன். அடியில் சொட்டுநீர் ட்யூப். மேலே நாத்து. தூக்கினதும் மூன்று நாத்து வேரோடு கூட வந்தது. குழித்தட்டில் வளர்ந்த வேர், கொழுக்கட்டை மாதிரி அப்படியே வந்தது. திரும்ப அமுக்கி வைத்தேன். ஷீட்டையும் அமுக்கினேன். நட்ட பிறகு புரட்டுவது என்றால் இருபத்திநாலு பாத்தியையும் பிடுங்கி எறிவது. ஒரு பாத்திக்கு எண்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. சோகை போட்டு மூடலாம். காய்ந்த கரும்புச் சோகை ஒரு குப்பாரம் குவிந்து கிடந்தது, கிணற்று மேட்டில். "கொளுத்தீராதீங்கப்பா, வழிநடையில மூடாக்குப் போட்டுக்கலாம்" என்றாள். மாசிக் கடைசியில் கொளுத்திவிட்டேன். பாம்பு அடையும் என்று சொன்னேன். பாம்புக்காக இல்லை. குப்பையாகக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. காடு என்றால் மண் தெரிய வேண்டும். மண் மூஞ்சி தெரிந்தால் எனக்கு அதனோடு பேச்சு நடக்கும். காலையில் நிறம், மத்தியானம் வெடிப்பு, சாயங்காலம் வாசம். எங்கே தண்ணீர் பத்தவில்லை, எங்கே எச்சாகிவிட்டது, கேட்க வேண்டியதில்லை. இப்போது மூடிக் கிடக்கிறது. துணி போட்டு மூடின பிறகு உள்ளே என்ன நடக்கிறதென்று எவனுக்குத் தெரியும். என் மண் சரளை கலந்த செம்மண், தண்ணீர் நிற்காது, ஊற்றினது ஊற்றினபடி ஓடிவிடும், தக்காளி அதில் ஏங்கும். அவள்தான் குளத்து வண்டல் பன்னிரண்டு லோடு அடித்தாள். எருவும் வண்டலும் செம்மண்ணும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டாள். முதலில் நான் போய்ப் பார்க்கவே இல்லை. பிறகு அவள் இல்லாத நேரம் போய் ஒரு பிடி அள்ளிப் பிசைந்தேன். உருண்டை பிடித்தது. விரலால் தட்டினேன், உதிர்ந்தது. பிடிக்கவும் வேண்டும், உதிரவும் வேண்டும், அதுதான் காய்கறிக்கு மண். ஐம்பது வருஷம் நான் இந்தக் காட்டில் அதைக் கொண்டுவரவில்லை. ஒரு வருஷத்தில் அவள் கொண்டுவந்துவிட்டாள். நல்லா இருக்குது என்று ஒரு வார்த்தை. அது என் வாயில் இருந்து வரவில்லை. "வண்டல்ல கோரை வரும்" என்றேன். கோரை வராமல் இருக்கத்தான் ஷீட் என்றாள்.

கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்து சுகந்தி வந்து ஆறு வருஷம். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த மட்டுக்கு எங்களுக்குள் மரியாதை உண்டு. பொங்கல் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். "இந்த ஒரு பட்டம் பாக்கறனுங்கப்பா. தக்காளி எந்திரிச்சா இங்கயே இருந்துக்கறேன். இல்லீனா திருப்பூர் போறேன். கம்பெனில சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்புடறாங்க. நீங்க காட்டைக் குத்தகைக்கு விட்டுக்குங்க." நான் ரசம் ஊற்றச் சொன்னேன். இரு என்று சொல்லியிருக்கலாம். ரசம் ஊற்று என்றேன். இப்போது ரெண்டு நாளாகத் திருப்பூரில். கம்பெனியைப் பார்த்துவிட்டு வரப் போனாள். ஒண்ணாந் தேதி வந்து சேர முடியுமா என்று கேட்டார்களாம். இன்று மத்தியானம் பஸ்ஸில் வருகிறாள். நான் வந்தப்பறம் நட்டுக்கலாம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். நர்சரி வண்டி நேற்றே வந்து நாத்தை இறக்கிவிட்டது. காத்திருக்கலாம். நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்தால் ரெண்டு நாள் தாங்கும். நான் காத்திருக்கவில்லை. வந்து பார்க்கும்போது இருபத்திநாலு பாத்தியும் பச்சையாக நிற்க வேண்டும் என்று நினைத்தேன். வாயால் சொல்ல வராததை நட்டு வைத்துச் சொல்லிவிடலாம் என்று. பாரு, நிற்கிறது. ஏழாவது பாத்தியில் இப்போது நாலு நாத்து மொத்தமாகப் படுத்துவிட்டது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கண்ணெதிரே ஒன்று படுத்தது. சத்தம் இல்லை. சத்தமாவது இருந்திருக்கலாம்.

தண்ணீர் விடலாம் என்றால் த்ரீ பேஸ் கரண்ட் பத்து மணிக்குப் போய்விட்டது, இனி மூணுக்கு. விட்டால்தான் என்ன, ஆவிக்கு ஆவி சேரும். தென்னை ஓலை நாலே நாலு கிடக்கிறது. சாக்கு ஏழு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. பாத்திகளுக்கு நடுவே வழிநடையில் நடந்தேன், வேகமாக, எங்கே போகிறேன் என்று தெரியாமல். கடைசிப் பாத்தி வரைக்கும் போய்த் திரும்பினேன். பொழுது வேப்பமரத்துக்கு மேலே வந்துவிட்டது. என் நிழல் சுருங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அப்போதுதான் பதினோராவது பாத்தியில் ஒரு நாத்து. இந்தப் பக்கம் ஒன்று சாய்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் ஒன்று சாய்ந்திருக்கிறது, நடுவில் அது மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. என்னடா உனக்கு மட்டும்? உட்கார்ந்தேன். அதன் ஓட்டைமேல் ஒரு கட்டி மண் விழுந்து உடைந்து கிடந்தது. நேற்று நடக்கும்போது யார் காலோ தள்ளிவிட்டது. மண் ஓட்டையைச் சுற்றி அடைத்திருந்தது, கழுத்து மண்ணுக்குள் இருந்தது. ஆவி அங்கே வரவில்லை. தொட்டேன், கழுத்து கெட்டியாக இருந்தது. பக்கத்தில் இருந்ததைத் தொட்டேன், கொழகொழவென்று. மறுபடி இதைத் தொட்டேன். பத்துத் தடவையாவது மாற்றி மாற்றித் தொட்டிருப்பேன், நம்பாமல். பிறகு வழிநடை மண்ணில் ஒரு கை அள்ளி அடுத்த ஓட்டையில் போட்டு அமுக்கினேன். அடுத்தது. அடுத்தது. வழிநடையில் அவள் தட்டைப்பயறு விதைத்திருந்தாள், மண் வெறுமனே கிடந்து காயக்கூடாதென்று. ரெண்டு இலை விட்டிருந்தது. அதையும் சேர்த்துத்தான் அள்ளினேன். நாற்பது ஓட்டை முடித்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். பாத்தியில் பாதி. ஒற்றை ஆளாகச் செய்தால் சாயங்காலம் அஞ்சு மணி ஆகும். நாத்துக்கு அஞ்சு மணி கிடையாது.

அடுத்த காட்டில் ராசாமணி வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். என் பெண்டாட்டியின் தங்கச்சி. ஐம்பத்தைந்து வயசு, வாய்க்கு வயசு கிடையாது. நேற்று ஷீட் விரிக்கும்போதே கேட்டாள், "ஏனுங் மாமா, பளபளப்பு மேல வரோணுமில்லீங்களா?" என்று. "வேட்டிக்கு எது உள்பக்கம்னு நீ எனக்குச் சொல்லித் தரயா?" என்றேன். அவளும் விட்டுவிட்டாள். இப்போது அவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஏன் என்பாள். வரப்பில் நின்றேன். வாயைத் திறந்தேன், மூடினேன். இதில் என்ன இருக்கிறது, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதானே, ஊரில் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுகிறார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஏழாவது பாத்தியில் இன்னும் ரெண்டு படுத்திருந்தது.

"ராசாமணி!"

"ஏனுங் மாமா, இத்தனை சத்தம்? செவுடா நானு?"

"இங்க வா."

"பாதிதான் பறிச்சிருக்கறேன். அங்கிருந்தே சொல்லுங்."

"நேத்து நீ ஒண்ணு கேட்டயே."

"நான் நேத்து ஆயிரம் கேட்டேன். நீங்க ஒண்ணுக்குக்கூட ஒழுங்காப் பதில் சொல்லல. எதுங்?"

தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாவகாசமாக நிற்கிறாள்.

"பளபளப்பு."

"பளபளப்புக்கு என்னுங்?"

"மேலதான் வரோணும்."

கூடையைக் கீழே வைத்துவிட்டாள். சிரிப்பு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள், அடக்க முடியாமல் மறுபடி சிரிக்கிறாள். "எங்கக்கா இருந்து இதைக் கேட்டிருக்கோணும் மாமா. முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தி இப்பிடி ஒரு பேச்சு அவ காதுல ஒருக்காக்கூட விழுகல."

"சிரிச்சு முடிச்சயின்னா மண்ணை அள்ளு."

வந்தாள். வந்து ஒரு பாத்தி பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அய்யோ, வெந்துபோகுதுங்களே" என்று உட்கார்ந்தவள்தான். அவள் கை என் கையைவிட வேகம். நான் ஒன்று அடைப்பதற்குள் அவள் ரெண்டு. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எங்கக்கா இருந்து கேட்டிருக்கோணும். அது முள் மாதிரி ஏறிவிட்டது. கை மண்ணை அள்ளுகிறது, மனம் அங்கே போகிறது. போகாதே என்றால் போகிறது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர். என் பெண்டாட்டி சுந்தராம்பாளுக்குப் பிரஷர் மாத்திரை. மருந்து கொடுக்கிற பெண் அட்டையைக் காட்டிச் சொல்கிறாள், "காலையில ஒண்ணு முழுசாக் குடுங்க, ராத்திரிக்கு மட்டும்..." என்று. எனக்கு நாலு மணி பஸ். "தெரியும் தெரியும்" என்று கவரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ராத்திரிக்கும் முழுசாகக் கொடுத்தேன். பதினோரு நாள். பதினோராம் நாள் விடியக்காலம் தொட்டியில் தண்ணீர் மொள்ளப் போனவள் தலை சுற்றி விழுந்தாள். இடுப்பெலும்பு. அப்புறம் நாலு வருஷம் குச்சி ஊன்றி நடந்தாள், செத்தது வேறெதுவோ வந்துதான். ஆனால் குச்சி. ராத்திரிக்கு மட்டும் பாதி என்றிருப்பாள் அந்தப் பெண். அட்டையின் பின்னாலும் எழுதியிருந்தது, விழுந்த பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். அட்டையை அடுப்பில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சுந்தராம்பாளிடம் சொல்லவில்லை. நாலு வருஷம் அந்தக் குச்சிச் சத்தம் வீட்டுக்குள் போகும் வரும், நான் வெளியே போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் கேட்கவில்லையா என்றால், கேட்க அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். அது எனக்கு இன்னும் மோசம். அடை. அடுத்தது அடை. மண் சுடுகிறது. நகக்கண்ணில் சரளை ஏறிவிட்டது. ரத்தமா செம்மண்ணா தெரியவில்லை.

"மாமா, ரெண்டு பேருக்கு இது ஆகாது. மூணு பாத்திதான் ஆயிருக்குது. சுகந்தி அம்மிணிக்குப் போன் பண்ணுங்."

"வந்து பாத்துக்கட்டும்."

"வந்து பாத்தா எழவு வீடுதான் இருக்கும். அவ இதைப் படிச்சிருக்கறா. எதாச்சும் வழி சொல்லுவா. பண்ணுங்."

"பஸ்ஸுல இருப்பா."

"பஸ்ஸுல காது இருக்காதுங்களா?"

போன் மோட்டார் ரூமில் சட்டைப் பையில் இருந்தது. போனேன். எடுத்தேன். கையெல்லாம் மண், கண்ணாடி வழுக்குகிறது, பேரைத் தொட்டால் வேறு பேர் வருகிறது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன். மணி பதினொன்று இருபது. சொன்னால் என்ன சொல்வாள்? திட்ட மாட்டாள். அவள் அம்மா மாதிரி, திட்டத் தெரியாது. சரிங்கப்பா என்பாள். அவ்வளவுதான், சரிங்கப்பா, விடுங்க. அப்படியே திரும்பி அடுத்த பஸ்ஸில் ஏறி, கம்பெனிக்காரரிடம், நான் வரனுங்க, ஒண்ணாந் தேதின்னு சொன்னீங்களே என்பாள். யாரால் தடுக்க முடியும். தக்காளி எந்திரிக்கவில்லை. எந்திரிக்காமல் பண்ணினவன் நான். சொல்லாமல் விட்டால்? நர்சரிக்காரன் நாத்து சரியில்லை என்று சொல்லலாம். வேரழுகல் என்று சொல்லலாம். ராசாமணி வாயைக் கட்ட முடியாது. சீ, என்ன யோசிக்கிறேன். அட்டையை அடுப்பில் போட்ட கை இது, அதுதான் அந்தப் பக்கமே போகிறது. ரிங் போனது. ஒன்று. ரெண்டு. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன், எடுத்துவிட வேண்டும் என்றும்.

"என்னுங்கப்பா?"

"எங்க இருக்கற?"

"தாராபுரம் தாண்டிட்டனுங். ஏன்? உடம்பு நல்லா இருக்குதுங்களா?"

"ஷீட்டை மாத்திப் போட்டுட்டேன்."

"என்னுங்? பஸ் சத்தம், கேக்கல."

ஒரு தரம் சொல்வதே பெரிசு. ரெண்டாந் தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "கறுப்பை மேல போட்டுட்டேன். நான்தான் போட்டேன். நாத்தும் நட்டாச்சு. வேகுது."

பஸ் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ சில்லறை கேட்டார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். வெட்டத் தோன்றியது. பெருவிரல் அந்தச் சிவப்புப் பொத்தானுக்குப் போகப் பார்த்தது.

"எத்தனை போச்சு?"

"முப்பது நாப்பது படுத்துருச்சு. மீதி சாயுது. ஓட்டையில மண்ணு போட்டு அடைக்கறோம், நானும் உங்க சின்னம்மாளும். அடைச்சது நிக்குது."

"மண்ணா? யாரு சொன்னா?"

"நாத்துதான் சொல்லுச்சு."

"சரிதானுங். ஈர மண்ணாப் போடுங்க, காஞ்ச மண்ணு வேண்டாம். தண்டை ஒட்டி நல்லா அமுக்குங்க. பயறு போனாப் போகுது. வெள்ளையடிக்கற சுண்ணாம்பு இருக்குதுங்களா, பொங்கலுக்கு வாங்குனது?"

"அரை மூட்டை கிடக்குது."

"தண்ணி தண்ணியாக் கரைச்சு ஷீட்டு மேல அடிங்க. செவுத்துக்கு அடிக்கறாப்பல. வெள்ளையாயிட்டா வெயிலைத் திருப்பி அனுப்பிரும். நாத்துல படக்கூடாது. நாலு விரக்கடை தள்ளி அடிங்க. மேக்க இருந்து தொடங்காதீங்க, கெழக்க பாத்திக்குத்தான் இப்ப வெயில் எச்சு. அப்பறம், தொட்டியில இருக்கற சுடுதண்ணியில கரைக்காதீங்க, கெணத்துல மொண்டு..."

நீளமாகச் சொன்னாள். பாதியில் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. தெரிந்த மாதிரி இருந்தது.

"இன்னொருக்காச் சொல்லு" என்றேன்.

"என்னுங்?"

"மொதல்ல இருந்து சொல்லு. மெதுவா."

 அவள் மொதல்ல இருந்து சொன்னாள். நாலு விரக்கடை என்றபோது நான் என் கையை விரித்து நாலு விரலைப் பார்த்துக்கொண்டேன்.

காட்டுக்கு வெள்ளையடித்தவன் இந்தப் பக்கம் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்கு அடிக்கிற தேங்காய் மட்டைப் பிரஷ். பக்கெட்டில் கரைத்த சுண்ணாம்பு. குனிந்துகொண்டே கிழக்குப் பாத்தியில் இருந்து வந்தேன். அடித்ததும் ஒன்றும் தெரியாது, ஈரத்தில் கறுப்பாகவே கிடக்கும். ரெண்டு மூச்சு விட்டுத் திரும்பிப் பார்த்தால் வெள்ளை. சூடு எத்தனை என்று அதிலேயே தெரிந்தது, அடித்த உடனே காய்ந்துவிடுகிறது. ராசாமணி முன்னால் அடைத்துக்கொண்டே போகிறாள், நான் பின்னால் அடித்துக்கொண்டே. பன்னிரண்டு. என் நிழல் காலடிக்குள் போய்விட்டது. கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது, எரிந்தது, துடைக்கக் கை இல்லை. எட்டுப் பாத்தி. நாத்து நிற்கிறதா படுக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்த்தால் கை நின்றுவிடுகிறது. நாலு விரக்கடை, நாலு விரக்கடை. பத்து. பதின்மூன்று. இடுப்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. சுந்தராம்பா, உன் இடுப்பு இப்படித்தான் இருந்ததா? ராத்திரிக்குப் பாதிதான் கொடுத்திருக்க வேண்டும். நான் முழுசாகக் கொடுத்துவிட்டேன். சொன்னேனா வாய்விட்டு? ராசாமணி திரும்பிப் பார்த்தாள், "என்னுங் மாமா?" என்றாள். "ஒண்ணுமில்ல, அடை" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடைத்தாள். பதினேழாவது பாத்தியில் இருக்கும்போது பஸ் ஹாரன் கேட்டது. கள்ளிமந்தயம் ரோட்டில் நின்றுவிட்டுக் கிளம்புகிற சத்தம். அங்கிருந்து நடந்தால் கால் மணி. நான் நிமிரவில்லை.

வந்த சுகந்தி பையை வேப்பமரத்தடியில் போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக இருபதாவது பாத்திக்குப் போய் உட்கார்ந்து மண்ணை அள்ளினாள்.  "வாம்மிணி, உங்கப்பன் காட்டுக்குப் பொங்க வெக்கறாரு" என்றாள் ராசாமணி. சுகந்தி சிரித்தாளா தெரியவில்லை, முகம் குனிந்திருந்தது. ஒன்றே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. முடிந்தது என்றால், அடைக்க ஓட்டை இல்லை, அடிக்கச் சுண்ணாம்பு இல்லை. ராசாமணி தன் வெண்டைக்காய்க் கூடையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். வெயில் மட்டும் அப்படியே நின்றது. அது சாயட்டும் என்று காத்திருந்தோம், நான் தொட்டித் திட்டில், அவள் மரத்தடியில். தண்ணீர் குடி என்றேன். குடித்தேன் என்றாள். திருப்பூர் என்னாச்சு? நாக்கு நுனியில் நின்றது. விழவில்லை. மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது, மோட்டாரை அரை மணி ஓட்டினாள். நாலு மணிக்கு எழுந்தாள். நான் பின்னாலேயே எழுந்தேன்.

ஒவ்வொரு பாத்தியாக நடந்தாள். நான் ரெண்டடி பின்னால். குனிவாள், கழுத்தை விரலால் தொடுவாள், "இது பொழைக்கும்" என்பாள். "இது போச்சு" என்பாள்.  கிழக்கில் இருந்து பாதி வரை தலை தூக்கியிருந்தன. எல்லாம் இல்லை, ஆனால் தூக்கியிருந்தன. மேற்கே போகப் போக அவள் பேச்சு குறைந்தது. கடைசி நாலு பாத்தியில் குனியவே இல்லை. தொட்டுப் பார்க்க என்ன இருக்கிறது, வேகவைத்த கீரை. நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த பாத்திகள் அவை. இருபத்தொண்ணாவது பாத்தி மூலையில் இடுப்பில் கைவைத்து நின்றாள். காட்டையே பார்த்தாள், வெள்ளை வெள்ளையாய்க் கிடந்த நீளத்தை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். கையெல்லாம் மண்.

"இந்த நாலும் போச்சுங்கப்பா. நாத்தைப் புடுங்கிட்டு அதே ஓட்டையில வெண்டை ஊனிக்கலாம். வெண்டை இந்த வெயிலைத் தாங்கும்."

வெண்டை. நாளைக்கு விதை ஊறப்போட்டு மறுநாள் ஊன்றினால் அஞ்சாம் நாள் முளைக்கும். அது யார் வேண்டுமானாலும் செய்யலாம். குத்தகைக்காரன்கூடச் செய்யலாம். சொல்லிவிட்டுப் போவதற்கும் சொல்வார்கள். 

"ஊனறது யாரு?" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். புருவத்தில் சுண்ணாம்பு இருந்திருக்க வேண்டும், அதையும் பார்த்தாள்.

"நீங்க குழி போடுங்க. நான் ஊனறேன்."

ஒண்ணாந் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஊன்றுவதற்கு ஒரு நாள் போதும். அதனால் அது பதில் இல்லை. அதையும் நான் கேட்டுவிட வேண்டும், இனிமேலும் பாதியில் விட என்னால் ஆகாது.

"வெண்டை காய்க்க நாப்பத்தஞ்சு நாளாகும்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள் சுகந்தி.

குனிந்து முதல் நாத்தைப் பிடுங்கிப் போட்டாள். நான் அடுத்ததைப் பிடுங்கினேன்.